இடுக்கில்லாத வீடு

அன்றைக்குப் பெட்டியைத் திறக்கும்போது அறைக்குள் இருந்தவர்கள் மாமா, அத்தை, என் அம்மா, நான். முட்டைகளைக் கொடுத்தனுப்பிய அத்தையின் தம்பி அன்னூரிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார், வரவில்லை. கோழியும் இல்லை. குஞ்சு பொரிக்கிற இடத்தில் கோழி இல்லாமல் நாலு மனுசர் குனிந்து நின்றதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

மாமா எனக்கு உறவில்லை. கோத்தகிரிக்கு வெளியே ஒரு டீ பாக்டரியின் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸ் வரிசையில் எங்களுக்கு அடுத்த வீடு. அம்மா எஸ்டேட்டில் இலை பறித்தாள். அவரை அண்ணா என்று கூப்பிட்டாள், அதனால் எனக்கு மாமா. அவருக்கு பாக்டரியில் ட்ரையரில் வேலை. பறித்து வந்த இலை அந்த மெஷினின் அனலில்தான் காய்ந்து கறுத்துத் தூளாகும். நாள் முழுக்க அந்த அனலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வெளியே வருகிறவருக்கு மற்றவர்களைவிட அதிகமாகக் குளிரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் அது மட்டுமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பெட்டி, மார்க்கெட்டில் மீன் வருகிற தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஒரு குண்டு பல்பு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், தவிட்டின் மேல் முட்டைகள். அடை வைக்கிற வழக்கப்படி ஒற்றைப்படையில்தான் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் கரிக்கோடு. தினமும் அந்தக் கோட்டைப் பார்த்து அத்தை முட்டைகளைத் திருப்பி வைத்தாள். கடைசி மூன்று நாள் திருப்ப வேண்டாம், மூடியைத் திறக்காமல் விட்டுவிட வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தார். அந்த மூன்று நாளைக்கு மாமா மூடியைச் சுற்றி பிரவுன் டேப் ஒட்டினார். ஒரு சுற்று இல்லை. மேலே, கீழே, வயர் நுழைகிற இடத்தில், மூலைக்கு மூலை.

"இத்தன சுத்து எதுக்குங்ணா? பொணங் கட்டறாப்பல கட்டி வெச்சிருக்கீங்க" என்றாள் அம்மா, அவர் டேப்பை உரிக்கத் திணறுவதைப் பார்த்து.

"சூடு போயிருமல்ல."

மூடி வந்தது. வெக்கையான காற்று முகத்தில் அடித்தது. முட்டைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒரு கீறல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. மாமா ஒன்றை எடுத்து மூடிய கண்ணின் இமைமேல் வைத்துப் பார்த்தார். முட்டையின் சூட்டை அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"சூடெல்லாஞ் செரியாத்தான் இருக்குது."

அத்தை ஒரு முட்டையைக் கரண்டியால் தட்டினாள். உள்ளே முழுக்குஞ்சு. நனைந்த மஞ்சள் மயிர், அலகு, கால் நகம் எல்லாம் வந்திருந்தன. உயிர் மட்டும் இல்லை. இரண்டாவதைத் தட்டினாள், அதுவும் அப்படியே. மூன்றாவதை எடுத்தபோது அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தை கையைக் கழுவினாள். "செரி" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அத்தைக்கு மலை ஆகவில்லை. அன்னூர்ப் பக்கம் வெயிலில் வளர்ந்தவள். அவள் புகார்களில் பெரும்பாலும் குளிர் வராது, கோழிதான் வரும். "அங்க கோழி அதுவாப் போயி வேலிக்குள்ள படுத்து, அதுவாக் குஞ்சுகளக் கூட்டிக்கிட்டு வரும். இங்க கருவேப்பல வராது, முருங்க வராது, முட்ட பொரியாது. மனுசி மட்டும் என்னத்துக்கு இருக்கறது?" என்பாள். அவள் வளர்த்த கோழிகள் முட்டை போட்டன. அடைக்குப் படுத்தாலும் இந்த ஈரத்தில் பாதியில் எழுந்து போய்விட்டன.

ஒரு நாள் எங்கள் வாசலில் வைத்து மாமா அவளைக் கேட்டார்.

"குஞ்சு பொரிச்சா இருப்பியா?"

"பொரிச்சாப் பாக்கலாம்."

"பாக்கலாங்கற பேச்சு வேண்டாம் புள்ள. இருப்பியா?"

"இருக்கறேன். பொரிக்கலீன்னா தம்பி ஊட்டுக்குப் போயிருவேன். நீங்க அந்த ட்ரையரக் கட்டிக்கிட்டு இருங்க."

அம்மா சிரித்தாள். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

நான் பார்த்த மனிதர்களிலேயே இடுக்குகளை மாமா அளவுக்கு வெறுத்த ஒருவர் கிடையாது. மற்றவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் ஆட்களைப் பார்ப்பார்கள். மாமா சன்னலைப் பார்ப்பார். புறங்கையைச் சட்டத்தின் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோவார். எங்கேயாவது நிற்கும். "இங்கிருந்து வருது பாரு" என்பார், திருடனைக் கண்டுபிடித்த மாதிரி. கோதுமை மாவைக் கூழாகக் காய்ச்சி, பழைய பேப்பரை நாலாக மடித்து, சன்னல் சட்டம் முழுக்க ஒட்டுவார். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே சாக்குத் துண்டு. சாவித் துவாரத்துக்கு மெழுகு. வாசற்கதவின் அடியில் அத்தையின் பழைய சேலையைச் சுருட்டிச் செருகுவார். வெளியிலிருந்து யாராவது கதவைத் தட்டினால் முதலில் சேலையை உருவுகிற சத்தம் கேட்கும், அதன் பிறகுதான் தாழ்ப்பாள் சத்தம்.

"குளுருக்கு ஒருக்கா வழி உட்டுட்டா அது சட்டிபானையோட குடிவந்துரும்" என்று சொல்வார்.

"உங்க ஊட்டுல ஒருத்தரு தும்முனா இன்னொருத்தருக்குக் காது அடைச்சுக்குமாமே" என்று அம்மா கேலி செய்வாள்.

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினால் தன் சன்னலை மூடுவதோடு நிற்க மாட்டார். முன் சீட்டு, பின் சீட்டு என்று எழுந்து போய் மூடுவார். வாந்தி வருகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒருமுறை ஒரு அம்மாள், "ஏனுங்க, உங்களுக்குக் குளுந்தா நீங்க போத்திக்குங்க, எங்களுக்கு மூச்சு வேண்டாமா?" என்று கத்தினார். மாமா அந்த அம்மாளின் மடியில் இருந்த கைக்குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்குகிற இடத்தில் தன் துண்டை எடுத்து அந்தக் குழந்தையின் காதை மூடிக் கட்டிவிட்டு, துண்டைத் திருப்பி வாங்காமல் இறங்கிவிட்டார்.

அம்மாதான் பிறகு சொன்னாள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. மலைக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டது. அப்போது அவர்கள் இருந்த வீட்டில் சன்னலுக்கு ஒரு கண்ணாடி இல்லையாம். அட்டை வைத்திருந்தார்களாம். இரவில் காற்றில் அட்டை விழுந்திருக்கிறது, இரண்டு பேரும் அசந்து தூங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு குழந்தை இல்லை. குழந்தையை இந்த மண்ணில் புதைத்திருப்பதால் மாமா மலையை விட்டு இறங்கிக் குடிபோக மாட்டார். அதே காரணத்துக்காகத்தான் அத்தைக்கு இங்கே ஒரு நாளும் இருக்கப் பிடிக்கவில்லை. இதை இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர்கள் பேசியதெல்லாம் முட்டையைப் பற்றித்தான்.

தெர்மாகோல் பெட்டிக்கு முன்னால் ஒரு கோழியை வைத்தும் பார்த்தார்கள். மேல்வரிசையில் ஒரு வீட்டில் அடைக்கோழி இருந்தது. பொரிக்கிற குஞ்சில் பாதி அவர்களுக்கு என்று பேசி இரவல் வாங்கி வந்தாள் அத்தை. கூடையில் வைக்கோல், முட்டைகள். இடி விழுந்தால் முட்டை கலங்கிவிடும் என்று ஓரத்தில் ஓர் இரும்பாணியும் அடுப்புக்கரித் துண்டும் வைத்தாள். எல்லாம் முறைப்படி நடந்தது. மாலை மாமா வேலை முடிந்து வந்து கூடையைப் பார்த்தார். கூடை மூங்கில் கூடை. இடுக்கைத் தவிர அதில் வேறென்ன இருக்கிறது?

சாக்கைச் சுற்றினார். சாக்கின் மேல் தார்ப்பாய் சுற்றினார். மேலே ஒரு பலகை வைத்து, கோழிக்குத் தலை நீட்ட மட்டும் வழி விட்டார். அந்த வழியும் பெரிதாக இருப்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும், அதிலும் ஒரு துணியைத் தொங்கவிட்டார். மறுநாள் உள்ளே பெரிய கலவரம். கோழி பலகையைத் தள்ளிக்கொண்டு, வாயைப் பிளந்து இளைத்தபடி வெளியே பாய்ந்து, எங்கள் கூரைமேல் ஏறிக்கொண்டது. ஏணி வைத்தும் இறங்கவில்லை. அன்று முழுக்க மழையில் நனைந்துகொண்டு கூரையிலேயே இருந்தது, இவர்கள் வீட்டுக்குப் போவதைவிட அது மேல் என்பதுபோல. முட்டைகள் ஆறிப்போயின.

அத்தை அன்றைக்குச் சிரித்தாள். நான் பார்த்து அவள் அப்படிச் சிரித்தது அன்று ஒரு நாள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமாவிடம் சொன்னாள்: "கோழிக்கே இப்பிடி மூச்சு முட்டுதுங்க. நா எத்தன வருசமா இருக்கறேன்னு பாத்துக்குங்க."

மாமாவும் சிரித்தார். அவருக்கு அது வேடிக்கைப் பேச்சாகவே பட்டது.

பெட்டிக்குள் குஞ்சுகள் செத்தது ஏன் என்று நான்தான் விசாரித்து வந்தேன். அப்போது ஊட்டியில் காலேஜில் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், அதனால் வரிசையில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம் வந்தது, எனக்கும் அது பிடித்திருந்தது. கால்நடை ஆஸ்பத்திரியில் ஒருவர் விளக்கினார். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, உள்ளே இருக்கிற குஞ்சு அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது, கடைசி நாட்களில் அதற்கு நிறையக் காற்று வேண்டும், காற்று இல்லாமல் அடைத்தால் ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும்.

இதை மாமாவிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "முட்டைக்கு ஏது மாப்ள மூக்கு?" என்றார். நான் ஒரு பேப்பரில் படம் போட்டுக் காட்டினேன். ஓடு, அதன் துளைகள், உள்ளே குஞ்சு, அம்புக்குறி போட்டுக் காற்று. மாமா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது.

"அப்பொ அதுக மூச்சு முட்டித்தான் செத்துச்சுகளா?"

"ஆமாங் மாமா."

"டேப்ப ஒட்டுனதாலயா?"

அவர் எழுந்து போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். ஒரு கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தெர்மாகோலில் துளை போட ஆரம்பித்தார். ஒவ்வொரு துளை போட்டதும் அதில் கண்ணை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். நான் கேட்காமலே மூடியிலும் போட்டார். வாழ்நாளெல்லாம் துளைகளை அடைத்த மனுசர் தன் கையால் துளை போட்டது அன்றைக்குத்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் சொன்ன பாடத்தை ஒருவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார் என்று நினைத்தேன்.

அத்தை இன்னும் ஒரு முறைக்கு ஒத்துக்கொண்டாள். அவ்வளவுதான், அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். துணிமணிகளை ஏற்கெனவே மூட்டை கட்டியிருந்தாள். தீபாவளி கழிந்து தம்பி வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. அதற்குள் பொரிந்தால் இருப்பது, இல்லையென்றால் போவது.

கோத்தகிரிக்கு ஐப்பசி மழைதான் மழை. அந்த வருசம் கொட்டித் தீர்த்தது. ரோட்டில் அங்கங்கே மண் சரிந்தது. குஞ்சு வெளியே வர வேண்டிய நாள் நெருங்கியபோது, எங்கேயோ கம்பிமேல் மரம் விழுந்து கரண்டு போனது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பல்பு அணைந்த பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மாமா லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியைக் கம்பளியில் சுற்றினார். துளைகளை மறைக்காமல் சுற்றினார். அதுவும் போதாமல் குமுட்டி அடுப்பில் கரி மூட்டி, வெளியே வைத்தே புகை முழுக்க அடங்க விட்டு, கணகணவென்று சிவந்த பிறகு உள்ளே எடுத்துப் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

இதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. மலையில் குளிர்காலத்தில் எந்த வீட்டில் கரியடுப்பு இல்லை? எங்கள் வீட்டிலும் இருந்தது. புகைந்தால்தான் கெடுதல், சிவந்த கரியால் ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எங்கள் வீட்டுக் கதவின் அடியில் பூனை நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது, ஓட்டுக்கு நடுவே வானம் தெரிந்தது. அதனால்தான் இத்தனை வருசமாக எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அப்போது தெரியாது.

அன்று மாலை அத்தை என்னைக் கூப்பிட்டாள். உள்ளே போனால் பாக்டரியின் ட்ரையர் அறை மாதிரி கதகதப்பாக இருந்தது. வேர்த்துவிட்டது. அத்தை பெட்டியின் மூடியைக் கொஞ்சம் தூக்கி, "காத வெச்சுக் கேளு கண்ணு" என்றாள். வைத்தேன். முட்டைக்குள்ளிருந்து மெலிசாக ஒரு கீச்சுச் சத்தம். இன்னொரு முட்டையில் ஓடு நட்சத்திரம்போல விரிசல் விட்டிருந்தது. உள்ளேயிருந்து ஏதோ கொத்திக்கொண்டிருந்தது.

"பொரிக்குதுங் அத்தை."

"அதான் பாரு" என்றாள். மாமாவிடம் திரும்பி, "ஏனுங்க, நாளைக்குத் தம்பிக்குப் போன் போட்டு வரவேண்டாமுன்னு சொல்லிருங்க" என்றாள்.

"நீயே சொல்லு" என்றார் மாமா. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கையை அடுப்புக்கு மேலே நீட்டிக் குளிர் காய்ந்தார்.

"ஒரு குஞ்சு எனக்குக் குடுங்" என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்கு? காலேஜுக்குக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கா?" என்று அத்தை சிரித்தாள். "படிச்ச கோழின்னா முட்ட வெல சாஸ்தி."

நான் வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு கதவின் அடியில் சேலையைச் செருகுகிற சத்தம்.

காலையில் குழாயடிக்கு அத்தை வரவில்லை. அம்மா போய்த் தட்டினாள். பிறகு நான் தட்டினேன். பிறகு வரிசையில் இருந்த ஆண்கள் வந்து தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். மாமா எல்லா ஓரத்திலும் துணி வைத்து இறுக்கியிருந்ததால் தாழ்ப்பாள் உடைந்த பிறகும் கதவு திறக்க மறுத்தது.

மாமா கதவை ஒட்டித் தரையில் கிடந்தார், மூச்சு இருந்தது. வாசலடிச் சேலை பாதி அவர் கையில் இருந்தது. அவர் அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தாரா, இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டிருந்தாரா என்று போலீஸ்காரர் பிறகு எல்லோரையும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை.

அத்தை பெட்டிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒரு கை பெட்டிக்குள் இருந்தது. முகம் சிவந்து, தூங்குகிறவள் போலத்தான் இருந்தாள். பெட்டிக்குள் நாலைந்து குஞ்சுகள் ஓட்டை விட்டு வெளியே வந்திருந்தன. சிலது மயிர் காய்ந்து பொசுபொசுவென்று ஆகியிருந்தது. ஒன்று அவள் உள்ளங்கைக்குள் ஏறிப் படுத்திருந்தது. எதுவும் அசையவில்லை. மாமா போட்ட துளைகள் ஒன்றுகூட அடைபடவில்லை. அறையில் இருந்த காற்றுத்தான் அவற்றின் வழியாக உள்ளே போயிருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு நினைவு திரும்பியபோது நான் பக்கத்தில் இருந்தேன். மூக்கில் குழாய் செருகியிருந்தார்கள். என்னைப் பார்த்து, "வந்துருச்சுகளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய் இல்லை. "அப்பொ இருக்கறேன்னு சொன்னாளா?" என்றார். நான் அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து நான் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால், அவர் கட்டிலை விட்டு இறங்கி, குழாய் இழுபட, தலைமாட்டுச் சன்னலை மூடிக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து திறந்துவிட்டுப் போனார். மாமா மறுபடி எழுந்தார். மூன்றாம் தடவை நர்ஸ் அதட்டினார். "பக்கத்துப் படுக்கையில ஒரு கொழந்த இருக்குதுங்க" என்றார் மாமா. அந்த வார்டில் குழந்தைகள் யாரும் இல்லை.

அன்று மாலை அவருக்குச் சொன்னார்கள். நான் அங்கே இருந்தேன். அவர் அழவில்லை. "அவ தம்பி ஊட்டுக்குத்தான் கொண்டுபோகோணும்" என்று மட்டும் சொன்னார். மலையில் புதைப்பதா, கீழே கொண்டுபோவதா என்று அதுவரை எல்லோருக்கும் குழப்பம். அவரே சொன்ன பிறகு பேச்சில்லை.

வண்டி பேச என்னைத்தான் அனுப்பினார்கள். மார்க்கெட் பக்கம் பிணம் ஏற்றுகிற வேன் ஒன்றுதான் இருந்தது. ஓட்டுநர் நல்ல மனுசர், விசயம் கேட்டதும் பீடியைக் கீழே போட்டார். ஆனால் ரோடு மோசம், மண் சரிவு, அன்னூர் வரைக்கும் போக வேண்டும் என்று கணக்குச் சொன்னார்.

"எறங்கறதுக்கு மட்டுந்தானுங்க. திரும்பி வர்றதுக்கு யாரும் இல்லீங்க. மாமாவும் அங்கயே இருந்துக்கறேங்கறாரு" என்றேன். குறைப்பார் என்று நினைத்தேன்.

"வண்டி மலையேறித்தானுங்க ஆகோணும். காலியா வந்தாலும் அதே டீசல்தான்" என்றார் அவர். கொஞ்சம் யோசித்து இருநூறு குறைத்துக்கொண்டார். போகவும், யாரும் இல்லாமல் திரும்பி வரவும் சேர்த்து மூவாயிரத்து முந்நூறு ரூபாய்.